நோயாளியைக் கேட்டறிதல்

நல்ல ஆசுபத்திரி எது என்று நம்மவர்களிடம் கேட்டுப் பாருங்கள். "அங்க ஸ்கேன் மெசின் இருக்கு", "வாட்டெல்லாம் ஏசி", "கொழும்பிலிருந்து ஸ்பெஷலிஸ்ட் வாறார்" என்பதாகத்தான் பதில் வரும். ஒரு பாடசாலை நல்லதா என்று கேட்டால் மூன்று மாடிக் கட்டடத்தைக் காட்டுவதற்கு ஒப்பானது இது. கட்டடம் வேண்டும்தான். ஆனால் வகுப்பறைக் கதவை மூடிய பின்னர் உள்ளே என்ன நடக்கிறது என்பதைக் கட்டடம் சொல்லாது. இருபது வருடமாக வகுப்பறையில் நிற்பவன் என்பதால் இந்த ஒப்புமை எனக்கு இலகுவில் வருகிறது. மருத்துவம் நான் படித்ததல்ல, தமிழ்தான் படித்தேன். ஆயினும் உம்மாவோடு மாதாமாதம் கிளினிக் வாங்கில் உட்கார்ந்திருப்பவன் என்ற தகைமை எனக்கும் உண்டு.

வைத்தியப் பராமரிப்பின் தரத்தை எப்படி அளப்பது என்ற கேள்விக்கு ஒழுங்கான வடிவம் கொடுத்தவர் அவெடிஸ் டொனபீடியன். ஆர்மேனியக் குடும்பமொன்றில் 1919இல் பெய்ரூட்டில் பிறந்து, அங்கேயே மருத்துவம் கற்று, பின்னர் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். 1966இல் அவர் எழுதிய கட்டுரை இன்றும் இத்துறையின் அடித்தளமாக இருக்கிறது. தரத்தை அவர் மூன்று இடங்களில் தேடச் சொன்னார். முதலாவது கட்டமைப்பு: கட்டடம், கருவி, ஆளணி, மருந்து. இரண்டாவது செயன்முறை: நோயாளி உள்ளே வந்ததிலிருந்து வெளியேறும்வரை அவருக்கு என்ன செய்யப்படுகிறது, என்ன சொல்லப்படுகிறது, என்ன கேட்கப்படுகிறது என்பது. மூன்றாவது விளைவு, அதாவது நோயாளி சுகமடைந்தாரா என்பது. நம் பாடசாலை மொழியில் சொன்னால் கட்டடம், கற்பித்தல், பெறுபேறு. செயன்முறைக்குள்ளும் அவர் இரண்டு கூறுகளைக் கண்டார். சரியான மருந்தைச் சரியாகக் கொடுக்கும் தொழினுட்பத் திறன் ஒன்று. வைத்தியருக்கும் நோயாளிக்கும் இடையிலான உறவு மற்றொன்று. அந்த உறவு வழியாகத்தான் நோயாளி தன் நிலைமையைச் சொல்கிறார். அது சரியாக அமையாவிட்டால் வைத்தியரின் திறமை எங்கே போய்ச் சேர வேண்டுமென்று அதற்கே தெரியாது.

இந்த இரண்டாவது கூறு வெறும் நயத்தக்க நாகரிகம், வைத்தியர் சிரித்த முகத்தோடு பேசுவது என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியல்ல என்பதற்கு நம் நாட்டிலேயே பெரிய சான்று இருக்கிறது.

1930களில் இலங்கையில் ஒரு இலட்சம் பிரசவங்களுக்கு 2,000க்கும் அதிகமான தாய்மார் இறந்தார்கள். நமது பாட்டிமார் காலத்தில் பிரசவம் என்பது கபுறு வாசலில் ஒரு கால் என்று சொல்லப்பட்டது சும்மா இல்லை. இன்று அந்த எண்ணிக்கை 30 அளவில் நிற்கிறது. நம்மைவிடப் பல மடங்கு செல்வமுள்ள நாடுகளே திரும்பிப் பார்க்கும் சாதனை இது. இதைச் செய்தது இராட்சத இயந்திரங்களா? பெரிய ஆசுபத்திரிகளும் இரத்த வங்கியும் பென்சிலினும் பங்களித்தன, மறுப்பதற்கில்லை. ஆனால் அவற்றுக்கு முன்பே, 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு ஆரம்பிக்கப்பட்டது. வைத்தியசாலைக்கு வெளியே, ஊருக்குள் இயங்கிய அமைப்பு அது. அதன் வழியில் வந்தவர்தான் இன்று நாம் "மிஸ்" என்று அழைக்கும் குடும்ப நல மருத்துவமாது. ஏறத்தாழ மூவாயிரம் பேர் வாழும் பகுதி ஒருவருக்கு. எந்த வீட்டில் புதிதாகக் கலியாணம் முடித்திருக்கிறார்கள், யார் கர்ப்பமாக இருக்கிறார்கள், யார் கடைசி கிளினிக்குக்கு வரவில்லை என்பதெல்லாம் அவருடைய பதிவேட்டில் இருக்கும். வராவிட்டால் அவரே வீட்டு வாசலுக்கு வருவார். வந்து கேட்பார். கால் வீங்கியிருக்கா? தலையிடி இருக்கா? பிள்ளை துடிக்குதா? மாமியாருக்குப் பயந்து சொல்லாமல் விட்டது ஏதும் இருக்கா? கடைசிக் கேள்வி எந்தப் படிவத்திலும் இல்லை. ஆனால் நல்ல மிஸ்மார் அதையும் கேட்பார்கள் என்று எங்கள் வீட்டுப் பெண்கள் சொல்வார்கள்.

இதன் அடுத்த பகுதி எனக்கு இன்னும் வியப்பானது. ஒரு தாய் இறந்தால் அந்த மரணம் கட்டாயமாக அறிவிக்கப்படுகிறது. பின்னர் ஊர் மட்டத்திலும் வைத்தியசாலை மட்டத்திலும் தேசிய மட்டத்திலும் அது மீளாய்வு செய்யப்படுகிறது. தாமதம் எங்கே ஏற்பட்டது? வீட்டில் முடிவெடுப்பதிலா, வழியில் வாகனம் கிடைக்காமலா, வைத்தியசாலைக்குள் வந்த பிறகா? ஒருவரைப் பிடித்துத் தண்டிப்பதற்கல்ல, அடுத்த தாய் அதே இடத்தில் விழாதிருக்கவே இந்த விசாரிப்பு.

இங்கே ஒரு பழைய செய்தி நினைவுக்கு வருகிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் ருஹா நகரத்து இஸ்ஹாக் இப்னு அலீ அர்ருஹாவி என்ற வைத்தியர் அரபியில் 'அதபுத் தபீப்' என்று ஒரு நூல் எழுதினார். வைத்தியரின் ஒழுக்கம் என்பது தலைப்பின் பொருள். வைத்தியர் தான் கண்டதையும் செய்ததையும் எழுதிவைக்க வேண்டும், நோயாளி இறந்தால் அந்தக் குறிப்புகளை ஏனைய வைத்தியர்கள் பார்த்து, சிகிச்சை முறையாக நடந்ததா என்று தீர்க்க வேண்டும் என்றொரு முறை அதில் சொல்லப்படுகிறது. 1284இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் கட்டிய மாரிஸ்தானைப் பற்றி நம் மேடைகளில் நிறையப் பேசுகிறோம், பேசத்தான் வேண்டும். ஆனால் அங்கும் நாம் நீரூற்றையும் மண்டபத்தையும்தான் வர்ணிக்கிறோம். குறிப்பெழுதி வைத்துப் பின்னர் திருப்பிப் பார்த்த அந்தப் பழக்கம் நம் பேச்சில் வருவதில்லை. கட்டடத்தின் மீதுள்ள மோகம் நமக்கு இன்று நேற்று வந்ததல்ல போலும்.

தாய்மாருக்கு இத்தனை சிறப்பாகச் செய்த அதே அமைப்பு, சீனி வருத்தக்காரரிடமும் பிரஷர்காரரிடமும் வரும்போது தடுமாறுகிறது. குறை ஆட்களிடமில்லை. கர்ப்பம் பத்து மாதத்தில் முடிந்துவிடும், சீனி வருத்தம் கபுறு வரை கூட வரும். கிளினிக் நாளில் சுபஹு தொழுத கையோடு போய் நம்பர் எடுக்க வேண்டும். பத்து மணிக்குப் பெயர் கூப்பிடுவார்கள். டொக்டர் கொப்பியை விரிப்பார், இரத்தப் பரிசோதனைத் துண்டைப் பார்ப்பார், "அதே மருந்துதான்" என்று எழுதுவார். வெளியே இன்னும் நூறு பேர். அவரை எப்படிக் குறை சொல்வது? இரண்டு நிமிடத்தில் ஒரு மனிதரிடம் எதைக் கேட்க முடியும்?

ஆனால் அந்த இரண்டு நிமிடத்தில் கேட்கப்படாத ஒரு கேள்வி நம் சமூகத்துக்கு உயிர்ப் பிரச்சினையாகும். "நோன்பு பிடிக்கிறீங்களா?" என்பதே அது.

எனது உம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது. பதினாறு வருடமாகச் சீனி வருத்தம். மருந்து உறையில் சிங்களத்தில் "உதே எகய், றே எகய்" என்று எழுதியிருக்கும்: காலையில் ஒன்று, இரவில் ஒன்று. சில வருடங்களுக்கு முன் ஒரு ரமழானில் உம்மா இதை அப்படியே பின்பற்றினா. காலை மருந்தைச் சஹரிலும் இரவு மருந்தை நோன்பு திறந்த பின்னும் குடித்தா. சொன்னபடி செய்த நோயாளி. பதினோராவது நோன்பில், அஸருக்குக் கொஞ்சம் முந்தி, கஞ்சிக்கு அரிசி கழுவிக்கொண்டிருந்தவ வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, கதையும் குழம்பிக் குசினியில் உட்கார்ந்துவிட்டா. பக்கத்து வீட்டில் இளைப்பாறிய தாதி ஒருவர் இருந்தது அல்லாஹ்வின் உதவி. அவர் குத்திப் பார்த்தபோது சீனி 48. சீனித் தண்ணீர் கொடுத்தால் உம்மா வாயை இறுக்கி மூடிக்கொண்டா. "இன்னும் ரெண்டு மணித்தியாலம்தானே மகன்." எப்படியோ குடிக்கவைத்தோம். அடுத்த கிளினிக்கில் டொக்டர் உண்மையான கவலையோடு கேட்டார்: "நோன்பு பிடிக்கிறது என்று ஏன் சொல்லல்ல?" உம்மா சிங்களம் விளங்காமல் என் முகத்தைப் பார்த்தா. நான் மொழிபெயர்த்ததும் சொன்னா: "கேக்கல்லயே."

நடந்தது என்ன என்பதை விளங்கிக்கொள்வது பயனுள்ளது. சீனிக்குக் கொடுக்கும் எல்லாக் குளிசைகளும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. மெட்போர்மின் தனியாகக் குடித்தால் சீனியை ஆபத்தான அளவுக்குக் கீழிறக்குவது அரிது. கிளிக்கிளசைட், கிளிபென்கிளமைட் போன்றவை வேறு வகை. அவை கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கின்றன. சாப்பாடு வந்தாலும் வராவிட்டாலும் சுரக்கும். ஆகவே சாப்பாட்டோடு குடிக்கும்போது காப்பாற்றுகிற அதே குளிசை, பதின்மூன்று மணித்தியாலப் பட்டினிக்கு முன்னால் குடிக்கும்போது ஆளை விழுத்தலாம். இன்சுலின் ஊசியும் அப்படித்தான். சாதாரண நாளில் "காலை" என்றால் அதன் பின்னால் காலைச் சாப்பாடு, பகல் சாப்பாடு எல்லாம் வரும். ரமழானில் அந்தச் சொல்லின் பொருளே மாறிவிடுகிறது. உறையிலிருக்கும் எழுத்துக்கு அது தெரியாது.

முஸ்லிம்கள் வாழும் 13 நாடுகளில் 12,000க்கும் மேற்பட்ட சீனி வருத்தக்காரரை வைத்துச் செய்யப்பட்ட ஓர் ஆய்வு 2004இல் வெளிவந்தது. நடுவயதிலும் பின்னரும் பெரும்பாலும் வருகின்ற இரண்டாம் வகைச் சீனி வருத்தம் உள்ளவர்களில் நூற்றுக்கு 79 பேர் ரமழானில் குறைந்தது 15 நாட்கள் நோன்பு நோற்றார்கள். அவர்களிடையே சீனி கடுமையாக இறங்கும் சம்பவங்கள் மற்ற மாதங்களைவிட ஏழரை மடங்கு அதிகரித்தன. அதாவது, "நோயாளிதானே, பிடிக்க மாட்டார்" என்று ஒரு வைத்தியர் நினைத்தால் ஐந்தில் நான்கு தடவை அவர் பிழைவிடுவார். நோயாளிக்குச் சலுகை உண்டு, வேறு நாட்களில் நோற்கலாம் என்பது சூரத்துல் பகராவின் 185ஆம் வசனத்திலேயே இருக்கிறது. அது தெரியாததால் நம் உம்மாமார் நோன்பு பிடிப்பதில்லை. ஊரே நோன்பிருக்கும்போது தான் மட்டும் குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட அவர்களுக்கு மனம் வருவதில்லை. தரமான பராமரிப்பு இந்த மனத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். "பிடிக்க வேணாம்" என்று ஒரே வரியில் முடித்தால் நோயாளி தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ப் பிடிப்பார். அடுத்த முறை சொல்லவும் மாட்டார்.

சர்வதேச நீரிழிவுச் சம்மேளனம் இதற்கென்றே 2016இல் வழிகாட்டி ஒன்றை வெளியிட்டு, 2021இல் புதுப்பித்தது. ரமழானுக்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பே நோயாளியைச் சந்தித்து, அவருக்குள்ள ஆபத்தை அளந்து, நோற்கக் கூடியவருக்கு மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றிக் கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். சீனி 70க்குக் கீழே இறங்கினாலும் 300க்கு மேலே ஏறினாலும் நோன்பை விட வேண்டும். விரலில் குத்திச் சீனி பார்ப்பதால் நோன்பு முறியாது. கடைசியில் சொன்னதை எத்தனை பேர் அறிவார்கள்? எங்கள் ஊரில் கேட்டுப் பார்த்தேன். பள்ளிவாசல் நிருவாகத்திலுள்ள ஒருவரே "முறியுமே" என்றார்.

இனி மொழி. நான் இதைத் தனியாக எழுத வேண்டும் என்று நினைத்ததுண்டு, ஆனால் பராமரிப்பின் தரத்திலிருந்து இதைப் பிரிக்க முடியாது. வடக்குக் கிழக்குக்கு வெளியே, சிங்களப் பெரும்பான்மைப் பகுதிகளில் வாழும் நம்மவர்களில் ஆண்கள் கடை, வியாபாரம் என்று சிங்களம் பேசப் பழகிவிடுகிறார்கள். வீட்டோடு இருக்கும் வயதான பெண்களின் நிலை வேறு. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தால் தமிழும் அரச கரும மொழியாயிற்று. ஆனால் கிளினிக் மேசையில் சட்டம் உட்கார்ந்திருப்பதில்லை. அங்கே மொழிபெயர்ப்பாளராக உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் என் மாணவர்கள்.

வரவு இடாப்பில் மாதம் ஒரு குறிப்பிட்ட நாளில் மட்டும் வராத பிள்ளைகள் இருப்பார்கள். விசாரித்தால், "உம்மாவோட கிளினிக் போனேன் சேர், சிங்களம் பேச." பத்தாம் ஆண்டில் ஒரு பையன். அவனுடைய தாய்க்குக் கர்ப்பப்பையில் ஏதோ பிரச்சினை. டொக்டர் கேட்கும் கேள்விகளை அந்தப் பையன் தன் தாயிடம் எப்படிக் கேட்பான்? தாய் அவனிடம் எப்படிச் சொல்வா? "வயித்து வலி எண்டு மட்டும் சொல்லு" என்று தாய் சொல்லியிருக்கிறா. அவனும் அவ்வளவைத்தான் சொன்னானாம். வைத்தியர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், அவருக்குக் கிடைத்தது வயிற்று வலி என்ற ஒரு சொல்தான்.

அமெரிக்காவில் ஸ்பானிய மொழி பேசும் குடும்பங்களின் 13 வைத்தியச் சந்திப்புகளை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்து 2003இல் வெளியிட்டார்கள். 396 மொழிபெயர்ப்புப் பிழைகள், ஒரு சந்திப்புக்குச் சராசரி 31. அவற்றில் நூற்றுக்கு 63 நோயாளிக்குப் பாதிப்பு ஏற்படுத்தக் கூடியவை. பயிற்சியற்ற ஆட்கள் மொழிபெயர்த்தபோது ஆபத்தான பிழைகளின் பங்கு இன்னும் கூடியது. மொழிபெயர்ப்பு என்றால் இரண்டு மொழியும் தெரிந்தால் போதும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தமிழாசிரியனாகச் சொல்கிறேன்: "தலை சுத்துது" என்பதும் "மயக்கம் வருது" என்பதும் "கண் இருட்டுது" என்பதும் ஒன்றல்ல. நம் உம்மாமார் இவற்றைச் சரியாகவே வேறுபடுத்திச் சொல்கிறார்கள். மேசையின் மறுபக்கம் போய்ச் சேரும்போது மூன்றும் ஒன்றாகிவிடுகின்றன.

நம்பிக்கை பற்றியும் சொல்லாமல் விட முடியாது. 2020 ஏப்ரலில் கொரோனாவால் இறந்தவர்களின் உடல்களைக் கட்டாயம் தகனம் செய்ய வேண்டுமென வர்த்தமானி வந்தது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும், 2021 பெப்ரவரி இறுதி வரை அந்த விதி நீடித்தது. அந்த மாதங்களில் காய்ச்சல் வந்தாலும் ஆசுபத்திரிப் பக்கம் போகாதிருந்த முதியவர்களை நான் அறிவேன். சாவைவிட அவர்கள் நெருப்புக்கு அஞ்சினார்கள். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரியது. அதே காலத்தில் வாட்டுகளில் இரவு பகலாக நம் நோயாளிகளைப் பார்த்த சிங்களத் தாதியரும் இருந்தார்கள், அதையும் நாம் மறக்கலாகாது. ஆனால் டொனபீடியன் சொன்ன அந்த உறவு ஒரு வைத்தியரின் புன்னகையால் மட்டும் கட்டப்படுவதல்ல, அரசின் ஒரு கட்டளையால் முழு ஊருக்கும் உடைந்துபோகக் கூடியது. ஒருமுறை உடைந்தால் நோயாளி சொல்வதைக் குறைத்துவிடுவார்.

திருக்குறளில் மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறள் வைத்தியத்தை நான்கு கூறாகப் பிரிக்கிறது: நோயுற்றவர், தீர்ப்பவர், மருந்து, பக்கத்திலிருந்து பார்ப்பவர். முதலாவதாக நிற்பது நோயாளி. வகுப்பில் இதைக் கற்பிக்கும்போது பிள்ளைகள் வழமையாகக் கேட்பார்கள், "நோயாளி எப்படி சேர் மருந்தாவார்?" இப்போது நான் கொடுக்கும் பதில், அவர் சொல்லாவிட்டால் மற்ற மூன்றும் இருட்டில் நடக்கும் என்பதுதான்.

வைத்தியர்களுக்கு இன்று கற்பிக்கப்படும் ஓர் உத்தி நம் ஆசிரியர் தொழிலோடு நெருங்கியது. "விளங்கினதா?" என்று கேட்டால் முழு வகுப்பும் "ஓம் சேர்" என்று சொல்லும், அதில் பாதிப் பேருக்கு விளங்கியிருக்காது. நோயாளிகளும் அப்படித்தான். அதனால் "வீட்டுக்குப் போய் இதை எப்படிக் குடிக்கப் போறீங்க, ஒருக்கா சொல்லுங்க பார்ப்பம்" என்று அவர்கள் வாயாலேயே சொல்லவைப்பது. அரை நிமிடம் போதும். பிழை இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். வைத்தியருக்கு நேரமில்லாவிட்டால் மருந்து கொடுப்பவர் கேட்கலாம். அவரும் கேட்காவிட்டால் நாமே சொல்லிக் காட்டலாம், "நான் விளங்கிக்கொண்டது சரியா" என்று.

எங்கள் ஊரில் சென்ற வருடம் றஜப் மாதத்தில் ஒரு சிறிய வேலை செய்தோம். உயர்தர மாணவர்கள் நான்கு பேரைக் கொண்டு சிங்களத்திலும் தமிழிலும் ஒரு துண்டு தயாரித்தோம். அயலிலுள்ள ஒரு குடும்ப வைத்தியர் சரிபார்த்துத் தந்தார். "நான் ரமழானில் நோன்பு நோற்க எண்ணியுள்ளேன். எனது மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்ற வேண்டுமா?" என்று இரண்டு வரி. கீழே சஹர் நேரமும் நோன்பு திறக்கும் நேரமும், வைத்தியர் எழுத இரண்டு கட்டமும். ஜும்ஆவுக்குப் பிறகு பங்கிட்டோம், பெண்களுக்கு வீட்டுக்கே அனுப்பினோம். கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு போகச் சொன்னோம். மாதத்துக்கொரு முறைதான் கிளினிக் என்பதால் றஜபிலும் தவறினால் ஷஃபானிலும் காட்டிவிட வேண்டும், பிறை கண்ட பிறகு ஓடிப் பிரயோசனமில்லை.

சில டொக்டர்மார் பார்த்துவிட்டு ஒன்றும் எழுதாமல் திருப்பிக் கொடுத்தார்கள். பலர் எழுதினார்கள். ஒரு பெண் டொக்டர் உம்மாவின் காலைக் குளிசையைக் குறைத்து, பெரிய பங்கை நோன்பு திறக்கும் நேரத்துக்கு மாற்றி, கட்டத்துக்குள் தன் கையால் தமிழில் "சஹர் பாதி" என்று எழுதியிருந்தார். 'ஹ' எழுத்தை மட்டும் யாரிடமோ கேட்டுத்தான் எழுதியிருக்கிறார் போல, கொஞ்சம் கோணலாக இருந்தது.